நாற்பத்தைந்து வருஷம்

அம்மா கொண்டுவந்தது நசுங்கிய டின்.
மூன்று கிலோ நூறு கிராம், பெங்களூரா மாங்கூழ்,
லேபிள் ஒட்டாதது.
வளையம் வளையமாக ஓடும் உடம்பில்
கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம்.
கப்பலுக்கு ஆகாதென்று ஒதுக்கியதை
ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்களாம்.
ராத்திரி பத்தரை.
காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்காய் லாரிகள்
இன்னும் வரிசையில் நிற்கின்றன.

தூங்கிக்கொண்டிருந்த திம்மராஜ் எழுந்து உட்கார்ந்தான்.
"தொற."
எதால்?

அருவாமனை இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது.
ஸ்டவ் பின் கூட இருக்கிறது, ஸ்டவ்தான் இல்லை.
இதற்கென்று செய்த ஒன்று
எங்கள் வீட்டில் இல்லை,
எங்கள் லைனிலேயே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஸ்கூல் கண்காட்சிக்கு 'அன்றாடப் பொருளின் வரலாறு'.
சக்கரம், பல்பு, டெலிபோன் மூன்றையும்
முதல் பெஞ்சு அள்ளிக்கொண்டது.
எனக்கு மிஞ்சியது தகர டப்பா.
லைப்ரரியில் ஒரு வாரமாக அதைத்தான் படிக்கிறேன்.

பட்டாளத்துக்குக் கெடாத சாப்பாடு வேண்டும்,
வழி சொன்னால் பரிசு என்றது பிரான்ஸ்.
ஒரு மிட்டாய்க்காரர்
பாட்டிலில் அடைத்து, கார்க் இறுக்கி, வெந்நீரில் வேகவைத்து
பத்துப் பதினாலு வருஷம் வேகவைத்து
பரிசை வாங்கினார்.
ஏன் கெடவில்லை என்று கேட்டிருந்தால்
விழித்திருப்பார்.
கிருமி என்ற பதில் வர
இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது.

1810. லண்டனில் கண்ணாடி தகரமானது.
கடல் தாண்டிப் போன அந்த டப்பாக்களின் மேல்
எழுதியிருந்ததாம்:
உளியும் சுத்தியலும் கொண்டு மேல்விளிம்பை ஒட்டி வெட்டுக.

டின் ஓப்பனர் வந்தது 1855-ல்.
நாற்பத்தைந்து வருஷம் பூட்டு மட்டும் இருந்தது.
தகரம் அவ்வளவு தடிமன்,
அது மெலிந்த பிறகுதான்
கடிக்க ஒரு பல் முளைத்தது.
அதுவரை, எங்கோ ஒரு கூடாரத்தில்
பசியோடு துப்பாக்கிக் கத்தியால் குத்தி
உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டவன்
பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.
ஓப்பனர் வேண்டும் என்று முதலில் நினைத்தது
அவனாகத்தான் இருக்கும்.

"கதை அப்புறம்," என்றான் திம்மராஜ்.

ஸ்க்ரூடிரைவர் வழுக்கி என் விரலில் ஏறியது.
சத்தத்துக்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தால்
பக்கத்து வீட்டு முனவ்வர் அண்ணன்
கிரானைட் யார்டிலிருந்து கொண்டுவந்த உளியை நீட்டினார்,
கூடவே சுத்தியலும்.
கருங்கல்லைப் பிளக்கிறது, இது எம்மாத்திரம் என்றார்.

அம்மா உதவிக்கு வரவில்லை.
சுவரில் சாய்ந்து காலை நீட்டி
மூடியில் பொறித்த எழுத்தைத் தூரத்திலிருந்தே படித்தாள்.
"மூணாம் நம்பர் மெஷின். நம்மளுதுதான்."
மூடியின் உதடு உடம்பின் உதட்டுக்குள்
கொசுவம் செருகுவது மாதிரி செருகிக்கொள்ள வேண்டும்,
அப்புறம் ஒரு அழுத்து.
ஒன்பது சீசனாக, ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில்.
"ஒண்ணக்கூடத் தொறந்ததில்ல," என்றாள்.
வருத்தமாகச் சொல்லவில்லை.
"அடிங்க, பாக்கலாம். எவ்ளோ நேரம் தாங்குதுன்னு."

அம்மா டின் கட்சி.

நாய்கள் குரைத்தன. முனவ்வர் அண்ணனுக்கும் வேர்த்தது.
பதினோரு நிமிஷம்.
மஞ்சள் ஒரு கோடாக எட்டிப் பார்த்ததும்
திம்மராஜ் நாக்கைக் கொண்டுபோக,
அவன் தலையைப் பிடித்துத் தள்ளினேன்.
நாலு டம்ளர், ஒரு சொம்பு, ஒரு குக்கர்.
முனவ்வர் அண்ணன் வீட்டுக்கு ஒரு தூக்கு.

எல்லாரும் குடித்த பிறகு
அம்மா விளிம்பை விரலால் சுற்றித் தடவினாள்.
"பாரு, தையல் பிரியல.
நடுவுலதான் வெட்டியிருக்கீங்க."

சார்ட்டில்
1810-க்கும் 1855-க்கும் நடுவே விட்டிருந்த இடத்தில்
அந்தக் கோணல் மூடியை ஒட்டினேன்.
இரண்டு தரம் கழுவியும்
எறும்பு வருகிறது.