அளவு தப்பியது

எப்பிராயீம் இறந்த அன்று சாயங்காலம்
சபைக் கமிட்டி கூடியது.
திருமங்கலம் சாலையில் எங்கள் கோயில்,
பின்னால் அண்ணனின் டயர் ரீட்ரேடிங் பட்டறை.
திருவிருந்து ஞாயிறிலும்
ஜன்னல் வழியே ரப்பர் வாசனை வரும்.
மூன்று பேரிடம் கடன். அதில் ஒன்று மீட்டர் வட்டி.

பொருளாளர் பாக்கியநாதன் சொன்னார்:
"மத்த சாவு மாதிரி இல்ல இது, ஆயரே.
வேலியோரமா வச்சுருவோம்.
மணி வேண்டாம்."
மனந்திரும்ப நேரம் எடுத்துக்கொள்ளாதவனுக்கு
உயிர்த்தெழுதலின் வார்த்தையை
எந்த வாயால் வாசிப்பது என்றும் கேட்டார்.
கெட்டவர் இல்லை அவர்.
என் கல்யாணப் பந்தலுக்குக் காசு கொடுத்தவர்.
பயந்துபோயிருந்தார்.
சபையில் இன்னும் நாலைந்து பையன்கள்
வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயர் சின்ன வயசு.
மேசைவிரிப்பில் ஒரு நூலை இழுத்தபடி இருந்தவர்
கடைசியில் "சரி, ஓரத்திலேயே" என்றார்.
நான் வாசலில் நின்றேன்.
தங்கைகளுக்குக் கமிட்டியில் நாற்காலி இல்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில்
குழி எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது,
வேலிக்கு நாற்பதடி உள்ளே.
கோயில்குட்டி வேதமாணிக்கம்
மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே
"அளவு தப்பிப்போச்சுங்க" என்றார்.
முப்பது வருஷமாக நூல் பிடித்து வெட்டுகிறவர்.
"இன்னொண்ணு வெட்ட நேரமில்ல, மழை வேற வருது."
பொருளாளர் அண்ணாந்து பார்த்தார்.
சித்திரை. ஒரு துண்டு மேகமில்லை.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர்
குடையை விரித்துக்கொண்டார்.

அப்புறம் என் ராத்திரிகள்.
அதிகம் சொல்லமாட்டேன்.
பட்டறையை நான் நடத்தினேன், கடனும் என்னை நடத்தியது.
ஆவணியில் ஒரு நாள்
ஜெபிக்க வாயைத் திறந்தால்
ரப்பர் தூள்தான் ஒட்டியது.
போதும் என்ற ஒரு சொல் மட்டும்
தெளிவாக வந்தது.
போனில் கடைசியாகக் கூப்பிட்டிருந்தவர் வேதமாணிக்கம்,
கல்லறைக்கு வெள்ளையடித்த கூலி பாக்கிக்காக.
அவரையே அழைத்து "என்னால முடியல" என்றேன்.
"எங்க இருக்கீங்க?"
அவ்வளவுதான் கேட்டார்.

எக்செல் வண்டிச் சத்தம்.
கையில் இலைப் பொட்டலம், தள்ளுவண்டி அடை இரண்டு.
"சாப்பிடுங்க."
ரட்சிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
நான் தின்னத் தின்ன
அவர் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார்,
விடியும்வரை. நடுவில் குறட்டைகூட விட்டார்.
அந்தக் குறட்டையைப் பிடித்துக்கொண்டுதான்
நான் இந்தக் கரைக்கு வந்தேன்.
காலையில் பெரியாஸ்பத்திரியில்
எனக்காகச் சீட்டு வரிசையில் நின்றார்.
இப்போது ராத்திரிக்கு ஒரு மாத்திரை,
செவ்வாய்க்கிழமைகளில் ஒரு டாக்டரம்மா.

சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு
போதும் என்று கர்த்தரிடம் சொன்ன ஒருவனை
ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும் எனக்கு.
பரலோகம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.
தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடை கொடுத்து,
மறுபடி தூங்கவிட்டது.
பேச்செல்லாம் அதற்கப்புறம்.
அதுவும் சன்னமான குரலில்.

அண்ணனுக்கு அடை போய்ச் சேரவில்லை.
ஏன் என்று தினமும் கேட்கிறேன்.
பதில் தெரிந்தவர்கள் பேச ஆரம்பித்தால்
எழுந்து போய்விடுகிறேன்.
ஆனால் அவன் முடிவெடுத்ததற்கும்
மூச்சு அடங்கியதற்கும் நடுவில்
எத்தனை அடி இடம் இருந்ததோ,
அங்கே யார் காத்துக்கொண்டு நின்றாரோ,
அதை அளக்கக் கமிட்டியிடம் நூல் இல்லை.
கள்ளனுக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.
என் அண்ணன் அதிகம் பேசாதவன்.
ஒரு முனகலை வாக்கியமாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவரா அவர்?

போன வாரம் புல் பிடுங்கப் போனேன்.
வேலியோரம் அவனுக்கு ஒதுக்கிய இடத்தில்
தானாக முளைத்த பூசணி, இரண்டு காயோடு.
"அன்னைக்கு நெசமாவே அளவு தப்பிச்சா?"
வேதமாணிக்கம் கொடியைத் தாண்டி நடந்தார்.
"வெள்ளையடிச்ச பாக்கி
இன்னும் இருநூறு இருக்குங்க" என்றார்.

எண்ணாமல் கொடுத்தேன்.