இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

கடல் உறைந்தால்தான் எனக்கு வேலை.
ரோஹுகூலாக் கரையில் ஒரு தகரக் கொட்டகை,
துளைக்கருவி, அளவுகோல், எடைமேடை,
சாக்கட்டியால் எழுதும் பலகை.
எதிரே இருபத்தாறு கிலோமீட்டர்
வெள்ளை.
மறுமுனையில் ஹீயுமாத் தீவு இருக்கிறதென்ற
நம்பிக்கையில் வண்டிகளை அனுப்புகிறேன்.

இன்று காலை துளையில் கோலை விட்டேன்:
இருபத்து நான்கு சென்டிமீட்டர்.
நேற்றைவிட ஒரு விரல்நுனி குறைவு.
பலகையில் இரண்டரை டன்னை அழித்து
இரண்டு என்று எழுதினேன்.
தெற்குக் காற்று.
மீசையில் பனி பிடிக்கவில்லை.

வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்:
பெல்ட்டைக் கழற்றுங்கள்.
கதவைப் பூட்டாதீர்கள்.
நடுவே நிற்காதீர்கள், படம் எடுக்கக்கூட.
இருபத்தைந்துக்குக் கீழே போங்கள்,
அல்லது நாற்பதைத் தாண்டிப் போங்கள்.
இரண்டுக்கும் நடுவே மட்டும் வேண்டாம்.

எதிலும் நடுவழியே நல்லதென்று கேட்டு வளர்ந்தவர்கள்
விழிக்கிறார்கள்.
மேசைவிரிப்பின் அடியில் கையை நகர்த்திக் காட்டுவேன்.
வண்டி அழுத்தப் பனி குழியும்,
கீழே தண்ணீர் அலையாகி ஓடும்.
மெல்லப் போனால் அலை முந்திக்கொள்ளும்,
விரைந்தால் பின்தங்கும்.
அதன் வேகத்துக்கே போனாலோ
கூடவே வரும்,
வர வர வளரும்.

போன வாரம் நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஹெல்வே வந்தாள்.
மணிக்கு எத்தனை வண்டி போகும் என்றாள்.
மூன்று நிமிடத்துக்கு ஒன்று, ஆக இருபது.
நல்ல தார்ச்சாலையில் ஒரு தடத்திலேயே
இரண்டாயிரம் போகுமாம்.
படிவத்தில் இரண்டு போட்டாள்.
பூஜ்யம் போடுவதற்குள் பேனா உறைந்துவிட்டது.

பத்தரைக்கு இல்லிமாரும் மாரெத்தும் வந்தார்கள்.
வண்டியில் மாவு மூட்டைகள், ஒரு சலவை இயந்திரம்,
வயதான நாய்.
எண்பது கிலோ கூடுதல்.
இயந்திரத்தை இறக்கச் சொன்னேன்.
அதை வாங்கியது பற்றித்தான் காலையிலிருந்து சண்டையாம்;
அதை மட்டும் விடமாட்டானாம்.
மாரெத் இறங்கி நாயை இழுத்துக்கொண்டாள்.
இருவரும் சேர்ந்து எண்பத்திரண்டு.
பின்னால் நின்ற தபால்காரரின் சின்னக் காரில்
இடம் இருந்தது.

இல்லிமார் கிளம்பினான்.
மூன்று நிமிடம் அவள் என் பக்கத்தில் நின்றாள்.
"என்ன வேகத்தில் போகிறான்?"
நாற்பத்தைந்து இருக்கும் என்றேன்.
"அவனா? தார்ச்சாலையிலேயே
முப்பதைத் தாண்டாத மனுஷன்."

பாதையோரம் நூறு மீட்டருக்கு ஒரு ஜூனிபர் கிளை
நட்டுவைத்திருக்கிறோம்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டாம் கிளையிலிருந்து மூன்றாவது:
பன்னிரண்டு விநாடி.
அப்படியென்றால் முப்பது.
நான் சொல்லவில்லை, அவள் என் முகத்தைப் படித்தாள்.
அடுத்த கிளை, மறுபடியும் பன்னிரண்டு.
பனிக்குள் எங்கோ ஒரு கம்பி அறுந்ததுபோல்
நீளமாக ஒலித்தது.
"மிதி," என்றாள், உரக்கக்கூட இல்லை,
சமையலறையில் உப்பு கேட்பதுபோல்,
"மிதிடா."
பத்து.
எட்டு.
ஏழு.
பிறகு அவன் ஒரு புள்ளி,
பிறகு கிளைகள் மட்டும்.

தபால்காரர் ஹாரன் அடித்தார்.
அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்,
பூட்டவில்லை. நாய் மடியில்.

மாலை மூன்றுக்கு மறுகரையிலிருந்து போன் வந்தது:
எல்லோரும் கரை சேர்ந்துவிட்டார்கள்,
அந்த இருவரும் வாகன நிறுத்தத்தில்
இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்களாம்.
அப்போது துளையில் இருபத்தொன்று.
தடுப்புக் கம்பத்தை இறக்கினேன்.
ஹெல்வேயின் படிவத்தை எடுத்து
இன்றைய கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
இந்த முறை மை தாராளமாக வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹாப்சாலுப் பள்ளிக்கூடம்,
முப்பது என்று பலகை.
தார், கெட்டித் தார், கீழே மண், அதன் கீழே பாறை.
எல்லாம் தெரியும்.
ஆனாலும் முள் முப்பதைத் தொட்டதும்
கால் நடுங்கியது.
பிரேக்கை மிதித்து இருபதுக்கு இறக்கி
ஊர்ந்தேன்.
பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன.
தோளருகே பெல்ட்
மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.