பேர்

ஊபியில், கார்ப் பட்டறைகளுக்கு மேலே
நான்காம் மாடியில்
ஸ்டிக்கர் வெட்டுவது என் வேலை.
வெட்டுவது இயந்திரம்.
வேண்டாததை உரித்தெடுப்பது என் விரல்.
களையெடுப்பு என்போம் கடையில்.
எட்டின் இரண்டு வயிறுகளையும்
இடுக்கியால் கிள்ளி எறிந்தால்
எட்டு நிற்கும்.

ஆங்கிலம் சட்டென்று உரியும்.
சீனம் முரண்டு பிடித்துவிட்டு வரும்.
தமிழில்தான் தகராறு:
புள்ளி.
குருணை அளவு வட்டம்.
பாதி நேரம் களையோடு ஒட்டிக்கொண்டு
குப்பைக்குப் போய்விடும்.

அன்றைக்கு நாற்பது லாரிகள், நான்கு மொழிகள்,
ஒரே வாசகம்:
ஏற்றக்கூடியது 21 பேர்.
ஒன்றில் மட்டும் புள்ளி போய்
'பேர' என்று நின்றது.
"ஒரு புள்ளிதானே, யார் பார்க்கப்போகிறார்கள்"
என்றார் முதலாளி கோ.
மாலை ஐந்தரை. மழை வேறு.
நானும் விட்டேன்.
விட்டேன் என்பதைத்தான்
முதலில் எழுத வேண்டும்.
எழுதியாயிற்று.

மூன்று வாரம் கழித்து
காக்கி புக்கிட் சந்திப்பில் சிவப்பு விளக்கு.
என் பேருந்தை ஒட்டி அந்த லாரி.
முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கும் தலைகள்.
என் 'பேர'வின் மேல்
யாரோ புள்ளி வைத்திருந்தார்கள்.
வேலைத்தளத்து வெள்ளைப் பெயிண்ட்.
சற்றே பெரிசு.
ஓரத்தில் வழிந்தும் இருந்தது.

பச்சை விழுந்தது.
எனக்கு முகம் சுட்டது.

தொடக்கநிலை நான்கில் படித்தது,
தேர்வோடு மறந்தது:
புள்ளி பெற்றால்தான் அது மெய்.
மெய் என்றால் உடம்பு,
மெய் என்றால் உண்மை,
புள்ளிவிவரத்தில் இருப்பதும் இதே புள்ளி
என்றெல்லாம் பேருந்து மேலடுக்கில்
எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது
பெரிய கெட்டிக்காரியாகத் தெரிந்தேன்.
சொல்லாட்டம்.
லாரி அதற்குள் துவாஸ் போயிருக்கும்.

மிச்ச வினைல் சுருள்களில்
இரவுகளில் வெட்டத் தொடங்கினேன்,
இயந்திரம் இல்லாமல், கத்தியால்.
எழுத்துரு என் கையெழுத்து.
என் 'ழ'வின் வால்
அடுத்த வரிக்குள் போய்த் தொந்தரவு செய்யும்;
பள்ளியில் மதிப்பெண் குறைத்த வால்.
குறைக்கவில்லை அதை.

ஞாயிறுதோறும் விடுதி வாசலில் நின்று
பேர் கேட்டேன்.
தவசி. அம்மாசி. கரீம் பாட்சா.
ஷஃபிகுல் வங்காளத்தில் எழுதிக்காட்டினார்.
தலைக்கோடு நேராக இல்லையென்று
மூன்று தடவை திருப்பி அனுப்பினார்.
கோவைவிடக் கறாரான வாடிக்கையாளர்.

21 என்ற எண்ணின் உடம்புக்குள்
இருபத்தொரு பேர்.
ஒருவர் மட்டும் தரவில்லை.
"கம்பெனிக்குத் தெரிஞ்சா?"
அவருக்கு
ஒரு புள்ளி வைத்தேன்.

வாட்டர்லூ தெருவில் ஒரு சின்னக் கூடத்தில் மாட்டினார்கள்.
"நிறம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது"
என்றார் ஒரு பெண்மணி.
அது எச்சரிக்கை ஆரஞ்சு.

கடைசி நாள், இஸ்திரி மடிப்புக் கலையாமல்
தவசி வந்தார்.
தன் பேரை நின்று பார்த்தார், இரண்டு விநாடி.
அப்புறம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
லாரியில் வைத்தது நீங்களா என்றேன்.
"யாரு கண்டா. எங்க வண்டியில
எல்லார் கையிலயும் பெயிண்டுதான்."
கிளம்பும்போது சொன்னார்:
"எழுத்து நல்லாருக்கு.
உக்கார ஒரு பெஞ்சு, புடிச்சுக்க ஒரு பெல்ட்டு,
அதையும் யாராச்சும் வரைஞ்சா தேவல."

திங்கட்கிழமை அடுத்த ஆர்டர் வந்தது.
தமிழுக்குப் புள்ளியை
அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினேன்.
"விலை?" என்றார் கோ.
அதே விலை.

பெஞ்சு வரைய எனக்குத் தெரியாது.
அளவு நாடாவைப் பையில் போட்டிருக்கிறேன்.
உட்கார்ந்தால் முழங்கால் எந்த உயரத்தில் வரும் என்று
ஞாயிறன்று கேட்க வேண்டும்,
பேர் சொல்லாதவரிடமும்.