வியக்கத்தக்க வகையில்

காப்புரிமை மனு எழுதுகிறவள் நான்.
செகெட் நகரம், திஸா ஆற்றுக்கு முதுகு காட்டிய
மூன்றாம் மாடி அறை.
"ஒன்று" என்று எழுத மாட்டேன்,
"குறைந்தது ஒன்று" என்பேன்.
ஆணி என்னிடம் வந்தால் "பிணைக்கும் உறுப்பு" ஆகிவிடும்.
என் வாக்கியங்களில் எறும்பு நுழையச் சந்து கிடையாது.
அதற்குத்தான் சம்பளம்.

போன மாதம் ஓர் எரிபொருள் கலம்.
ஹைட்ரஜன் உள்ளே போகும், மின்சாரம் வெளியே வரும்.
கழிவு என்ற கட்டத்தில் "நீர்" என்று நிரப்பினேன்.
கழிவு: நீர்.
இரண்டு தடவை படித்தேன். பிழையில்லை.
அனுப்பிவிட்டேன்.

இந்த மாதம் மேஜைக்கு வந்தது வேறு நீர்.
ஷார்கூட் என்ற ஊரின் ஆழ்கிணற்று நீர்.
நிறமில்லை, மணமில்லை,
நாக்குக்கு ஒரு குறையும் தெரியாது.
உள்ளே ஆர்செனிக்.
வாரம் இருமுறை லாரிக்குக் குடத்தோடு நிற்கிற ஊர்.

கெலெமென் போடோக் செய்தது ஒரு புரதம்.
ஆர்செனிக்கை மட்டும் தேடிப் பிடித்து
விரல் மடக்குவதுபோல் மடங்கிக்கொள்ளும்.
ஆனால் மணிகளின்மேல் தங்காது. கழுவினால் போய்விடும்.
இரண்டு வருடம் போய்க்கொண்டே இருந்தது.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
யாரோ பம்பை அணைக்க மறந்தார்கள்.
திங்கள் காலை பார்த்தால் ஒட்டியிருந்தது,
சுவரில் காய்ந்த பெயின்ட் மாதிரி.

இந்த இடத்துக்கென்று எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு.
"வியக்கத்தக்க வகையில்,
மெதுவான, இடையறாத ஓட்டத்தில்
புரதம் நிலைபெறுவது கண்டறியப்பட்டது."
யாருக்கு வியப்பு என்று படிவம் கேட்பதில்லை.

நான் கேட்டேன். பழக்கதோஷம்.
"மறந்தது யார்?"
"கண்ணாடி கழுவுகிற அம்மா" என்றார் போடோக்,
கோட்டு மாட்டிக்கொண்டே.

ரொஷ்டாஷ் வில்மா வந்தார்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், பையை மடியிலிருந்து இறக்கவில்லை.
விரல் நுனிகள் சோப்பில் வெளுத்திருந்தன.
சம்பளத்தில் பிடிப்பார்களா என்பது முதல் கேள்வி.
இல்லை என்றேன்.
"அப்படியானால் சொல்கிறேன். நான் மறக்கவில்லை.
பம்பை அணைத்தால் மணி அடியில் போய் உட்காரும்,
மேலே நுரை கட்டும், ஓரமெல்லாம் வெளுக்கும்.
திங்கட்கிழமை அதைச் சுரண்டுகிறவள் நான்.
மூன்று வாரம் பார்த்தேன்.
கிண்டாமல் விட்ட பாலில் ஆடை படியாதா?
ஓடட்டும் என்று விட்டேன்.
வேகத்தை மட்டும் குறைத்தேன்,
சத்தம் கேட்டால் காவலாளி அணைத்துவிடுவான்."

வேகத்தைக் குறைத்தேன்.
என் பேனா அங்கே நின்றது.
முதல் உரிமைக்கோரலே அந்த இரண்டு சொல்தான்.
காரணம் காவலாளியின் காது என்றால் என்ன,
கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பு இல்லையா?
இரவு நான்கு தீர்ப்புகளைப் புரட்டினேன்.
இரண்டு அவர் பக்கம்.
இரண்டு போடோக் பக்கம்.

"வியக்கத்தக்க" என்பதை அடித்தேன்.
பிறகு திரும்ப எழுதினேன்,
வியப்பு போடோக்குடையது, அதை ஏன் பிடுங்க வேண்டும்.
பெயர்ப் பட்டியலில் மட்டும் ஒரு வரி கூட்டினேன்.
தொலைபேசியில் பதினொரு நிமிடம் கத்தினார்.
பன்னிரண்டாவது நிமிடம்,
"ரொஷ்டாஷ் என்பதில் எந்த எழுத்தின்மேல் கோடு வரும்?"

கையெழுத்துக்கு வந்த வில்மா படிவம் முழுவதும் படித்தார்.
இதுவரை யாரும் படித்து நான் பார்த்ததில்லை.
"இங்கே என் பெயர், சரி.
இந்தக் கட்டத்தில் வேறு பெயர் இருக்கிறதே?"
"அது உரிமையாளர். பல்கலைக்கழகம்."
"இருபது வருடம், அவர்களைக் கேட்காமல் யாரும் செய்யக்கூடாது."
"கூடாது."
"ஷார்கூட்காரர்கள்?"
"அவர்களும் கேட்க வேண்டும்."

அழுத்திப் போட்டார் கையெழுத்து,
அடியிலிருந்த தாளிலும் பள்ளம் விழுந்தது.
எழுந்தவர், நான் பாதி குடித்து வைத்திருந்த தம்ளரை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.
கழுவுகிற இடம் எங்கே என்றார்.