சேதாரம்

முகத்துவாரத்து ஐஸ் ஆலையில்
கட்டிகளை எண்ணுவது என் வேலை.
ஒன்று ஐம்பது கிலோ. நடுவில்
மூச்சு உறைந்தாற்போல் ஒரு வெள்ளை நரம்பு.
மொத்தா அதைக் கொக்கியில் இழுத்து
அரவை இயந்திரத்தின் வாயில் தள்ளுவான்.
உடைந்தது பாரை மீனுக்கு.
உருகியது கானுக்கு.
கணக்கில் அதற்குச் சேதாரம் என்று பெயர்:
நூற்றுக்கு ஏழு.

அந்த ஏழில்தான்
கானோரம் ஒரு முழ அகலத்துக்குப் பாசி.
பாசியில் நத்தை, நத்தைக்காகச் செண்பகம்.
சீமெந்து வெடிப்பில் வல்லாரை, யாரும் நடவில்லை.
ஒற்றைக் காதுப் பூனை மதியத்தில்
குளிர்ந்த குழாயடியில் வயிற்றை வைத்துக் கிடக்கும்.
நவம்பரில் கடற்காகங்கள் வரும்.
கூரைத் தகரத்தில் நின்று சண்டை பிடித்து, இறங்கி,
உருகிய நீரைக் குடிக்கும்.

அதுகள் திபெத்துப் பக்கத்து ஏரிகளில்
முட்டையிடுபவை என்றாள்
மீன் அளக்க வரும் பஸ்லினா.
அங்கே பனியாறு இருக்கிறதாம்.
ஆறென்று பேர், கண்ணுக்குத் தெரிய ஓடாது.
வெயில் காலத்தில் அடிவயிறு கசியும்,
மழை பொய்த்த மாதத்திலும் கசியும்.
பாறையை மாவாய் அரைத்துக் கொண்டுவந்து
ஏரிக்குக் கரைத்து ஊட்டும்.
அதில் பாசி, புழு, மீன், பிறகு இந்த அலகு.
பனியின் மேலேயே
பறக்கத் தெரியாத பூச்சியொன்று நடந்து திரியுமாம்,
உள்ளங்கையில் வைத்தால்
நம் சூட்டிலேயே செத்துப்போகுமாம்.

நல்ல கதை என்று சிரித்தேன்.

மார்ச்சில் கம்பிரசர் எரிந்தது.
உதிரிப்பாகம் கப்பலில். பதினொரு நாள்.
மூன்றாம் நாள் பாசி பழுத்தது,
ஐந்தாம் நாள் தாளாய் உரிந்தது.
நத்தைகள் வாசலை அடைத்துக்கொண்டு சுவரில் ஒட்டின.
செண்பகம் வரவில்லை.
பூனை மீன்சந்தைப் பக்கம் போய் அடிபட்டு வந்தது.
கடற்காகங்கள் காய்ந்த கானில் இறங்கி
அலகால் தட்டிப் பார்த்தன.
பிறகு என்னைப் பார்த்தன,
சம்பளம் பிந்திய நாளில்
ஆட்கள் பார்ப்பதுபோல.

பன்னிரண்டாம் நாள் இயந்திரம் உறுமியது.
முதற் கட்டி முழுக்க வெள்ளை, விற்க உதவாது.
"கானுக்குள் சாய்த்துவிடு" என்றேன்.
மொத்தா ஒருமுறை என்னைப் பார்த்தான். சாய்த்தான்.

ஏப்ரலில் அதுகள் வடக்கே போயின.
அங்கே இன்னும் கசிகிறதா என்று
கேட்டுச் சொல்ல ஆளில்லை.

மாதக் கணக்கு முடிக்கையில்
சேதாரம் என்ற சொல்லில் பேனா நின்றது.
வேறு சொல் கிடைக்கவில்லை.
எட்டு என்று எழுதிவிட்டு
விளக்கை அணைத்தேன்.