இருபது மில்லிமீட்டர்

பழைய டயரின் பக்கவாட்டில் நூற்றுத் தொண்ணூற்றைந்து
என்று எழுதியிருக்கும்.
கம்பெனிக்காரன் அளந்து கொடுத்த அகலம்.
எனக்கு இருநூற்றுப் பதினைந்து வேண்டும்.
சக்கரம் அதேதான்.
வேறு வாங்கக் காசில்லை, மனமும் இல்லை.
அந்த ஐந்து கைச் சக்கரத்தைப் பார்த்துத்தானே
இந்தச் சிவப்பு வண்டியையே வாங்கினேன்,
இரண்டாம் கையில், முப்பத்தாறு தவணையில்.

எர்ணாவூர் பாலம் இறங்கினால்
டிரெய்லர்களுக்கு டயர் போடும் கடை.
டில்லிராஜ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்,
யானைக் கொட்டிலில் யாரோ
பூனையைக் கட்டிவிட்டுப் போனதுபோல.

"ஆறு இஞ்சு ரிம்முக்கா இது? இன்னாத்துக்கு மேடம்?"

என்ன சொல்ல?
மணலியில் எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து
நாற்பது டன், முப்பத்தெட்டு டன், மறுபடி நாற்பது
என்று சீட்டு கிழித்துக் கொடுப்பவளுக்கு
வேலை முடிந்தால்
ஒரு வளைவு தேவைப்படுகிறது என்றா?
"சும்மாதான்" என்றேன்.

"சின்ன உறையில பெரிய தலகாணிய திணிச்சா
வயிறு தள்ளும்ல, அப்பிடி தள்ளும்.
ஃபுல்லா ஒடிச்சா உள்ள உரசும்.
மழைல பழசுதான் கெட்டி.
ஒல்லி டயரு தண்ணிய கிழிச்சினு போவும்,
அகலமானது அதும்மேலயே ஏறி உக்காந்துக்கும்."

எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தேன்.
அகலத்தைக் கூட்டி, பக்க உயரத்தில்
ஐந்து சதவீதம் இறக்கினால்
மொத்தச் சக்கரம் வளர்வது அரை மில்லிமீட்டர்.
சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கழித்துக் காட்டினேன்.
"ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, பாருங்க."

அவன் சாலையைப் பார்த்தான்.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை.
எஞ்சினை அணைத்துவிட்டு, துறைமுகம் வரைக்கும்
வரிசையாகத் தூங்கும் கன்டெய்னர்கள்.
"இந்த ரோட்ல அது உண்மைய சொல்லி
இன்னா ஆவப்போவுது?"

ஆனாலும் போட்டான்.
காற்று ஏற ஏற ரப்பர் முனகி
டப், பிறகு இன்னொரு டப்,
விளிம்பில் போய் உட்கார்ந்தது.
வயிறு தள்ளத்தான் செய்தது. கொஞ்சம்.
எனக்கும்தான் தள்ளுகிறது, பரவாயில்லை.

பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு
நகத்தளவு ஈயத்தை ரிம்மில் ஒட்டினான்.
ஐந்து கிராம்.
ஐந்து கிராமுக்கு ஒரு சக்கரம் நடுங்குமாம்.
என் மேடைக்கு
இருபது கிலோவுக்குக் கீழே உலகமே கிடையாது.

இருபத்தெட்டாயிரத்து நானூறு.
பழைய நான்கையும் காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர்
படகு ஓரத்தில் கட்டக் கேட்டார். கொடுத்தேன்.
கடலுக்கு அகலக் கணக்கு கிடையாது.

ஞாயிறு இரவு ஒன்றரை மணி.
லாரிகள் குறைந்து, கந்தக வாசனை மட்டும்
நகராமல் நிற்கும் நேரம்.
சாத்தாங்காட்டு வளைவில் காலை எடுக்கவில்லை.
வழக்கமாக அந்த இடத்தில் வண்டி
பதில் தேடுகிறவள்போல ஒரு கணம் நழுவும்.
இன்றைக்கு நழுவவில்லை.
ஸ்டியரிங் கனத்திருந்தது, உள்ளங்கையில்
தார்ச் சாலையின் ஒவ்வொரு கல்லும்.
அவ்வளவுதான். நான்கு விநாடி இருக்கலாம்.
தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

திரும்பி வந்து
யாருமில்லாத எடைமேடையில் ஏற்றி நிறுத்தினேன்.
போன மாதம் ஆயிரத்து நூற்றிருபது கிலோ.
இப்போதும் ஆயிரத்து நூற்றிருபது.
சீட்டு அடித்தேன்.
வண்டி எண், நேரம், எடை.
சரக்கு என்ற கட்டத்தை
நிரப்பாமல் விட்டேன்.

கேட்டருகே முழுக்க ஒடித்துத் திருப்பும்போது
இடது முன்சக்கரம் உள்ளே எதையோ
சர்ரென்று தொட்டது.
கால் சுற்று
விட்டுக்கொடுத்தேன்.
சத்தம் நின்றது.