எட்டாத இடம்

ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு புட்டி ஒட்டுவேன்.
அம்பத்தூர் எஸ்டேட், தகரக் கூரை,
வெளியே பின்னால் வரும் டெம்போவின் பீப் பீப்.
தைம் என்றால் டைம் இல்லை, ஏதோ சீமைச் செடி என்று
பக்கத்து மேசை பெனாசிர்தான் சொன்னாள்.
மூடியைத் திறந்தால் ஓமம்.
யாரோ சீண்டிவிட்ட ஓமம்.

லேபிளின் பின்பக்கம் நான்கு வரி:
அப்படியே தோலில் தடவக் கூடாது.
உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.
கண்ணில் படக் கூடாது.
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.
எறும்பு எழுதின எழுத்து.
படித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

சேர்ந்த முதல் வாரம் ஒரு புட்டி
மணிக்கட்டில் கசிந்தது.
குழாயடிக்கு ஓடினேன்.
தண்ணீருக்கு அது மசியவில்லை,
மேலே மிதந்துகொண்டே எரித்தது.
பெனாசிர் பையிலிருந்த தேங்காயெண்ணெயை ஊற்றி
வழித்துத் துடைத்து, பிறகுதான் சோப்பு போட்டாள்.
வளையல் உரசும் இடத்தில்
இன்னும் ஒரு பழுப்பு.

டிசம்பர் தண்ணீர் வடிந்ததும்
கொரட்டூர் வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பாய்ப் பூஞ்சை.
லேபிள் கோணலாய்ப் போன புட்டி ஒன்றைக்
கேட்டு வாங்கி வந்தேன்.
பிள்ளையை மெர்லின் வீட்டில் விட்டேன்.
ஜன்னலைத் திறந்து, மூக்கில் துப்பட்டா,
கையில் உறை,
சோப்புத் தண்ணீரில் சில சொட்டு.
நான்கு நாள் சுவர் வெளுப்பாய் இருந்தது.
ஐந்தாம் நாள், ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே,
மறுபடி ஒரு புள்ளி.

"இருமுறானே, நெஞ்சுல ரெண்டு சொட்டு தடவேன்"
என்றார் இவர்.
மணிக்கட்டைக் காட்டினேன்.
ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிட்டார்.

மீதிப் புட்டிக்கு இடம் தேடினேன் அன்று ராத்திரி.
பத்துக்குப் பத்து அறை.
சாமி அலமாரிக்கு, டிவி ஸ்டாண்டில் கால் வைத்தால் போதும்.
பீரோ மேலுக்கு, கட்டில் இருக்கிறது.
அடுப்புக்கு மேல் பலகை, சூடு ஆகாது.
இரண்டரை வயது அவனுக்கு.
போன மாதம் எட்டாத ஃபேன் ஸ்விட்சை
இந்த மாதம் போட்டுப் போட்டு அணைக்கிறான்.

காலையில் புட்டியைத் திருப்பிக் கொண்டுபோனேன்.
"ஏம்மா, சும்மாதானே குடுத்தேன்?" சூப்பர்வைசர் தணிகாசலம்.
வைக்க இடமில்லை சார்.
அவர் சிரித்தார். அதை அலமாரியில் போட்டுப் பூட்டினார்.

என் மேசையில் முதல் புட்டி.
யார் வீட்டுக்கோ.
நான்காவது வரி மேல் கட்டைவிரலை வைத்து
ஓரம் தூக்காமல்
கொஞ்சம் அதிக நேரம் அழுத்தினேன்.